பிரிமணையும் பானையும்: உலோகத்தைப் பிடிக்கும் வளையங்கள் (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஆலைக் கழிவுநீரைப் பற்றி எழுதும்போது, "கலந்து கிடக்கும் பத்து உலோகங்களில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்க வளைய வடிவ மூலக்கூறுகள் இருக்கின்றன" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அத்தனை கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்திருக்கின்றன. கழிவுநீரைப் பற்றி மெனக்கெட்டு எழுதிய இரண்டு பக்கத்தை யாரும் சீண்டவில்லை. சரி, கேட்டதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வளையத்துக்குள் உலோகம் எப்படிப் போய் உட்காரும்? வகுப்பில் கிரவுன் ஈதர் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். – கல்லூரி மாணவி, கருங்கல்

மக்களே (ஒருத்தியைக் கூப்பிடவும் நம் ஊரில் மக்களேதான், வெளியூர் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்), இங்கே உலோகம் என்று சொல்வது இரும்புக் கம்பியையோ செம்புக் குடத்தையோ அல்ல, தண்ணீரில் கரைந்து கிடக்கும் அயனியை. மீன்குழம்பில் போட்ட உப்பு கரைந்து காணாமல் போனாலும் அதிலிருந்த சோடியம் அங்கேதான் இருக்கிறது, ஒரு எலக்ட்ரானை இழந்து பாசிட்டிவ் மின்சுமையோடு. பொட்டாசியம், சீசியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் தண்ணீரில் அப்படித்தான் இருக்கும்.

இனி உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பிரிமணை என்றால் என்ன என்று கேளுங்கள், புரிமணை என்றும் சொல்வார்கள். மண்பானையின் அடி உருண்டை, தரையில் வைத்தால் உருளும். அதனால் கயிறு திரித்த வளையம் ஒன்றைக் கீழே போட்டு அதன்மேல் பானையை வைப்பார்கள். வளையத்துக்கு ஏற்ற பானை அசையாமல் உட்காரும், சின்னப் பானை உள்ளே தொய்ந்து ஆடும், பெரிய பானை விளிம்பில் தொத்திக்கொண்டு நிற்கும். கிரவுன் ஈதர் என்பது மூலக்கூறு அளவிலான ஒரு பிரிமணை.

அதில் பிரபலமான ஒன்றுக்குப் பெயர் 18-கிரவுன்-6. வளையத்தைச் சுற்றி 18 அணுக்கள், அதில் 6 ஆக்சிஜன், மீதி 12 கார்பன். ஆக்சிஜனிடம் லேசான நெகட்டிவ் சாய்வு உண்டு, ஆறும் உள்பக்கம் பார்த்து நிற்பதால் பாசிட்டிவ் அயனி ஒன்று நடுவில் வந்தால் ஆறும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். வெளிப்பக்கமோ கார்பனும் ஹைட்ரஜனும்தான், அதாவது எண்ணெய்க் குணம். தண்ணீரை விட்டு நகராத ஒரு அயனியை உள்ளே உட்காரவைத்து, வெளியே எண்ணெய்ச் சட்டை போட்டுவிட்டு, அப்படியே மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு திரவத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதுதான் இதிலுள்ள தந்திரம்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சென்டிமீட்டரை 10 கோடிக் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு ஆங்ஸ்ட்ராம். 18-கிரவுன்-6 வளையத்தின் நடுக்குழி 2.6 முதல் 3.2 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியம் அயனியின் விட்டம் ஏறத்தாழ 2.7. வளையத்தை 15-கிரவுன்-5 என்று சுருக்கினால் குழி சோடியத்தின் அளவுக்கு வரும், 12-கிரவுன்-4 லித்தியத்துக்கு.

இதைக் கண்டுபிடித்தவர் கதை எனக்குப் பிடித்தது, இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை. சார்லஸ் பெடர்சன், 1904-ல் கொரியாவின் பூசானில் பிறந்தவர், அப்பா நார்வேக்காரர், அம்மா ஜப்பானியர். டாக்டர் பட்டம் வாங்காமலே அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் 42 வருடம் வேலை பார்த்தார். 1960-களின் தொடக்கத்தில் வேறு எதையோ தயாரிக்கப் போனபோது, மூலப்பொருளில் இருந்த கலப்படத்தால் பக்க விளைவாக 0.4 சதவீதம் மட்டும் ஒரு வெள்ளைப் பொருள் நார்நாராகப் படிந்தது. நானாக இருந்தால் பாத்திரத்தைக் கழுவி வைத்திருப்பேன். அவர் அதைத் தனியே எடுத்து ஆராய்ந்தார், சோடியம் சேர்ந்ததும் அது கரைகிற விதம் மாறுவதைக் கவனித்தார், அயனியின் தலையில் மகுடம் வைத்ததுபோல் இருக்கிறது என்று கிரவுன் என்று பெயர் வைத்தார், 1967-ல் கட்டுரையாக வெளியிட்டார். 1987-ல் டொனால்ட் கிராம், ழான்-மாரி லேன் ஆகிய இருவரோடு சேர்த்து அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது வயது 83.

கேள்வி: இதில் என்ன பெரிய அதிசயம்? வலைக்கண் மாதிரிதானே, சின்னது ஓடிவிடும், பெரியது மாட்டும். – குளச்சல் வாசகர்

இல்லை அண்ணாச்சி, வலை வேறு, இது வேறு. வலையில் கண்ணைவிடப் பெரிய மீன் எல்லாமே மாட்டும், சாளைக்குப் போட்ட வலையில் சூரை வந்தாலும் விடாது. இந்த வளையம் சின்னதையும் சரியாகப் பிடிக்காது, பெரியதையும் சரியாகப் பிடிக்காது, தன் அளவுக்கு வந்ததைத்தான் இறுக்கிப் பிடிக்கும். பெரிய அயனி சில நேரம் இரண்டு வளையத்துக்கு நடுவே, இரண்டு பிரிமணைக்கு இடையில் வைத்த பானைபோல மாட்டிக்கொள்வதும் உண்டு, அது வேறு கதை.

அளவு மட்டும் பார்த்தாலும் போதாது. தண்ணீரில் எந்த அயனியும் தனியாக நிற்பதில்லை, சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் நிற்கும். வளையத்துக்குள் வர வேண்டுமென்றால் அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும். லித்தியம் குட்டி அயனிதான், ஆனால் தண்ணீரை அப்படிக் கட்டிப்பிடித்திருக்கும், கழற்றுவது பெரும்பாடு. பொட்டாசியமும் சீசியமும் போர்வையைச் சுலபமாக விட்டுவிடும். ஆக, ஒரு அயனி உள்ளே வருமா வராதா என்பது வளையம் தருகிற சுகத்துக்கும் தண்ணீர் தருகிற சுகத்துக்கும் நடக்கும் போட்டி. அதனால்தான் மெத்தனால் என்ற ஆல்கஹாலில் ஒரு கணக்கு, தண்ணீரில் வேறு கணக்கு. மெத்தனாலில் 18-கிரவுன்-6 சோடியத்தைவிடப் பொட்டாசியத்தைச் சுமார் 50 மடங்கு பலமாகப் பிடிக்கும், தண்ணீரில் இரண்டையுமே அதைவிட வெகு பலவீனமாகத்தான் பிடிக்கும்.

இந்த 50 மடங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆலையில் போதாது.

கேள்வி: எங்கள் ஊர் மணலில் இருந்து எடுக்கும் அரிய தனிமங்களை இந்த வளையங்களை வைத்துத்தான் பிரிக்கிறார்களா? – ஆசிரியர் (ஓய்வு), மணவாளக்குறிச்சி

இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் உங்கள் ஊருக்கு மரியாதை இல்லை.

உங்கள் கடற்கரைக் கருமணலின் கதையே கயிற்றில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலம், இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலைச் சோதித்துப் பார்த்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், அதில் மோனசைட் என்ற தாது இருப்பதை 1909-ல் கண்டுபிடித்தார். அன்றைக்கு மோனசைட்டின் மதிப்பு அதிலிருக்கும் தோரியத்துக்காக, தோரியம் காஸ் விளக்கின் மேன்டிலுக்காக. நம் வீட்டுக் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் லைட்டின் வலையும் அதே சரக்குதான்.

மணவாளக்குறிச்சி ஆலையில் நடப்பது பெரும்பாலும் வேதியியலே அல்ல, மணலில் கலந்திருக்கும் தாதுக்களைத் தரம் பிரிப்பது. இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும், ரூட்டைல் மின்சாரம் கடத்தும், சிர்கான் இரண்டுக்கும் மசியாது, மோனசைட் கனம் அதிகம், காந்தத்துக்குக் கொஞ்சமாக மசியும். காந்தம், உயர் மின்னழுத்தம், எடை என்று இந்தக் குணங்களை வைத்தே ஒவ்வொன்றாக ஒதுக்கிவிடலாம். வேதியியல் தொடங்குவது மோனசைட்டைக் கரைக்கும்போதுதான். அந்த ஆலையை நடத்தும் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் அந்த வேலைகள் ஒடிசாவின் சத்ரபூரிலும் கேரளத்தின் ஆலுவாயிலும் நடக்கின்றன. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து பாஸ்பேட்டைக் கழற்றி, தோரியத்தை ஒதுக்கி, மிஞ்சுகிற லாந்தனம், சீரியம், நியோடைமியம் கூட்டத்தை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க வேண்டும்.

தலைவலியே இங்கேதான். இந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே மின்சுமை, 3 பாசிட்டிவ். அளவிலும் அண்ணன் தம்பி மாதிரி. முதலாவது லாந்தனத்தின் ஆரம் 1.03 ஆங்ஸ்ட்ராம், கடைசியில் நிற்கும் லுட்டீசியத்தின் ஆரம் 0.86. பதினான்கு படி இறங்கியும் மொத்த வித்தியாசம் 0.17தான், அடுத்தடுத்த இரண்டு பேருக்கு நடுவே நூறில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ராம் சொச்சம். கயிறு வளையத்தில் அரை நெல் அளவு வித்தியாசம் உள்ள இரண்டு பானையை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரிதான் உட்காரும். கிரவுன் ஈதர் விறைப்பான இரும்பு வளையம் இல்லை, வளைந்து நெளிந்து கொடுக்கக்கூடியது.

அதனால் உலகம் முழுக்க ஆலைகளில் இந்த அரிய தனிமங்களுக்கு (அருமண் உலோகங்கள் என்றும் சொல்வார்கள்) ஓடுவது வளையம் இல்லாத, விலை குறைந்த, பாஸ்பரஸ் கொண்ட அமிலங்கள். டி2ஈஎச்பிஏ, பிசி-88ஏ என்பவை ஆலைக்காரர்கள் வாயில் புழங்கும் பெயர்கள். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பொறுக்குகிற அவற்றின் தேர்வுத் திறன் ஒன்றும் பிரமாதம் இல்லை, பிரசியோடைமியம், நியோடைமியம் ஜோடிக்கு 2 மடங்குக்கும் கீழேதான். ஒரு தொட்டியில் பிரியாததை நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாக வைத்து, எண்ணெயை ஒரு திசையிலும் தண்ணீரை எதிர்த் திசையிலும் ஓடவிட்டுப் பிரிக்கிறார்கள். பொறுமையால் வெல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளையக்காரர்களும் சும்மா இல்லை. 18 அணு வளையத்தில் இரண்டு ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜன் வைத்து, அதில் இரண்டு கைகளையும் கட்டிய மாக்ரோபா என்ற ஒன்று இருக்கிறது, அது இந்த லாந்தனக் கூட்டத்தில் பெரியவற்றை நன்றாகப் பிடித்து சின்னவற்றை விட்டுவிடும். வழக்கமான பிடிப்பான்கள் சின்னவற்றைத்தான் இறுக்கிப் பிடிக்கும் என்பதால் இது தலைகீழ். ஆய்வுக்கூடத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் டன் கணக்கில் சரக்கு ஓடும் ஆலையில், விலை மலிந்த அமிலத்தை விட்டுவிட்டு இதற்கு மாறுவார்களா என்றால், இப்போதைக்கு நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

(மணல் எடுப்பது வேண்டுமா வேண்டாமா என்றும் கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது கடற்கரையில் வாழ்கிறவர்கள் பேச வேண்டிய கேள்வி, வேதியியல் பத்தியில் ஒளித்துவைத்துப் பதில் சொல்வது நியாயமில்லை.)

கேள்வி: அப்படியானால் நிஜத் தொழிற்சாலையில் எங்காவது பயன்படுகிறதா, இல்லை எல்லாம் பேப்பரில்தானா? – தக்கலை வாசகர்

பயன்படுகிறது, அதுவும் வேறு எதுவும் சரிப்படாத இடத்தில்.

அணு ஆலைக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கதிரியக்கத்தின் ஒரு பெரிய பங்கை சீசியம்-137 தருகிறது, அரை ஆயுள் 30 வருடம். ஆனால் அது மிகக் கொஞ்சம், சுற்றிலும் கடல்போல சோடியம் உப்பு. இங்கேதான் நான் சொன்ன 50 மடங்கு போதாது, சோடியம் கூட்டத்தோடு வந்து எல்லா இருக்கையிலும் உட்கார்ந்துவிடும். வேதியியலாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், காலிக்ஸரீன் என்ற கிண்ண வடிவ மூலக்கூறின் மேல் கிரவுன் வளையத்தை வைத்துக் கட்டினார்கள். பிரிமணைமேல் உட்கார்ந்த பானைக்குப் பக்கவாட்டில் சுவரும் கிடைத்த மாதிரி. இந்த காலிக்ஸ்-கிரவுன்கள் சோடியத்தைவிடச் சீசியத்தைப் பத்தாயிரம் மடங்கு அளவில் விரும்பும்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் சவன்னா ரிவர் என்ற இடத்தில், பனிப்போர்க் காலத்தில் குண்டு செய்த கழிவு நிலத்தடித் தொட்டிகளில் கிடக்கிறது. அதிலிருந்து சீசியத்தை எடுக்க காலிக்ஸ்-கிரவுன் கலந்த எண்ணெயை 2008-லிருந்து சின்ன ஆலையில் ஓட்டினார்கள், 2020-களின் தொடக்கத்தில் பெரிய ஆலையே வந்துவிட்டது. நம் நாட்டிலும் மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் காலிக்ஸ்-கிரவுனை வைத்து அணுக்கழிவிலிருந்து சீசியத்தைப் பிரித்து எடுக்கிறது. எடுத்த சீசியத்தைக் கண்ணாடியாக உருக்கிப் பென்சில் வடிவத்தில் அடைத்து, மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு ஏற்றும் ரத்தத்தைக் கதிரியக்கத்தில் காட்டும் கருவிக்குக் கொடுக்கிறார்கள். கண்ணாடி ஏன் என்றால், பழைய கருவிகளில் சீசியம் குளோரைடு தூளாக இருந்தது, தண்ணீரில் கரையும். 1987-ல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய்க் கதிர்சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்பு என்று உடைத்து, பளபளத்த தூளை ஊரெல்லாம் பங்குபோட்டு, நான்கு பேர் செத்துப்போனார்கள். பெடர்சனுக்கு நோபல் அறிவித்ததும் அதே வருடம்தான்.

இனி இந்தப் பத்தியில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. வளையத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பிடிப்பதைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆலைக்காரனுக்குப் பிடிப்பது பாதி வேலைதான், பிடித்ததை விடவும் வேண்டும். விடாவிட்டால் ஒவ்வொரு கிலோ உலோகத்துக்கும் புதிதாக வளையம் வாங்க வேண்டும், அந்த வளையம் உலோகத்தைவிட விலை அதிகம். அதே எண்ணெயை ஆயிரக்கணக்கான முறை சுற்ற விட்டால்தான் கணக்கு உதைக்காது.

சவன்னா ரிவரில் முதலில் எப்படி விடவைத்தார்கள் தெரியுமா? பாசிட்டிவ் சீசியம் எண்ணெய்க்குள் தனியாகப் போகாது, நைட்ரேட் மாதிரி ஒரு நெகட்டிவ் துணை வேண்டும். கழிவில் நைட்ரேட் ஏராளம், அதனால் துணையோடு உள்ளே போய்விடும். அப்புறம் அந்த எண்ணெயை, மிகமிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு கலக்கினார்கள், லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல். அங்கே நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லை, எண்ணெயில் தங்கக் காரணமும் இல்லை, சீசியம் தண்ணீருக்குத் திரும்பிவிடுகிறது. எண்ணெய் மறுபடி வேலைக்குப் போகும். அடர்த்தியான அமிலமும் வேண்டாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம். இந்த எளிமைக்காகத்தான் அந்த மூலக்கூறு ஆலைக்குள் வந்தது, பத்தாயிரம் மடங்குக்காக மட்டும் இல்லை.

இன்னொரு வழி, வளையத்தை எண்ணெயில் கரைக்காமல் சிலிக்கா மணியில் ஒட்டிவைத்து, குழாயில் அடைத்து, கரைசலை அதன்வழி ஓடவிடுவது. வளையம் கழன்று வீணாவது குறையும். அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் கிரவுன் ஈதர் ஆராய்ச்சி செய்தவர்கள் இந்தப் பாதையில் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுத்திகரிப்பில் பல்லேடியத்தைப் பொறுக்க, இப்படி மூலக்கூறைக் கட்டிய மணிகள் பயன்பட்டிருக்கின்றன. பல்லேடியம், வெள்ளி, பாதரசம் போன்றவற்றுக்கு ஆக்சிஜன் பிடிக்காது, கந்தகமோ நைட்ரஜனோ வைத்துக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

நான் எம்.எஸ்சி. படிக்கும்போது பிரிபுனலில் (எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியாக வடிக்கும் கண்ணாடிப் பாத்திரம்) இதே மாதிரி ஒன்றைக் குலுக்கினேன், இளவயது வேகம், கொஞ்சம் அதிகமாகவே குலுக்கிவிட்டேன். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் மோர் மாதிரி ஒரு நடு அடுக்கு நின்றுவிட்டது. காலை பத்து மணிக்குக் குலுக்கியது, சாயங்காலம் லேப் பூட்டும்போதும் அப்படியே நின்றது. லேப் உதவியாளர் பார்த்துவிட்டு, "சார், இத தயிராக்கி வித்திருலாம்" என்றார். ஆலையில் இப்படி நடந்தால் ஒரு நாள் உற்பத்தி போச்சு. புத்தகத்தில் வளையத்தின் படம் இருக்கும், இந்த மோர் இருக்காது.

கேள்வி: ரப்பர் பாலில் மெக்னீசியம் அதிகம் என்று திருப்பிவிடுகிறார்கள். இந்த வளையம் கொஞ்சம் கலந்தால் சரியாகுமா? – குலசேகரம் விவசாயி

வேண்டாம். பாலில் மெக்னீசியம் கூடினால் அது நிலையாக நிற்காது என்பது உண்மை. அதற்கு ஆலைகளில் டைஅம்மோனியம் பாஸ்பேட் போடுகிறார்கள், பாலில் ஏற்கெனவே இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து மெக்னீசியம் சகதியாக அடியில் படிந்துவிடும், மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். உரக்கடைச் சரக்கே செய்து முடிக்கிற வேலைக்கு நோபல் பரிசு மூலக்கூறைக் கூப்பிடுவானேன்? ஒரே ஒரு உலோகத்தை மட்டும் எடுக்க வேண்டும், அது கொஞ்சமாக இருக்கிறது, சுற்றிலும் அதே மாதிரி வேறொன்று மலைபோல இருக்கிறது, எடுத்ததற்கு மதிப்பும் இருக்கிறது என்றால்தான் வளையம். உங்கள் பாலில் இதில் எதுவும் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது கையில் ஒரு ஊசி போட்டார்கள். அது உலோகம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். உலோகத்தை உடம்பில் ஏற்றலாமா? – நாகர்கோவில் வாசகி

பக்கத்தில் இருந்தவர் சொன்னது சரிதான், அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்திவிட்டார். பெரும்பாலும் அது கடோலினியமாக இருக்கும், மணவாளக்குறிச்சிக் கூட்டத்தைச் சேர்ந்த அருமண் உலோகம்தான். படத்தில் சில பகுதிகளைத் துலக்கமாகக் காட்ட அதை ஏற்றுகிறார்கள். கடோலினியம் தனி அயனியாக உடம்பில் உலவினால் கெடுதல், அதனால் ஒரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் கொடுப்பார்கள். பூட்டு இரண்டு ரகம், ஒன்று நீளச் சங்கிலி மாதிரி சுற்றிப் பிடிப்பது, இன்னொன்று வளையம். சங்கிலி ரகம் கொஞ்சம் நெகிழ்ந்து உலோகத்தை விட்டுவிட வாய்ப்பு அதிகம் என்று தெரிந்ததால், ஐரோப்பிய மருந்து ஆணையம் 2017-ல் அந்த ரகத்தில் பலவற்றை நிறுத்தியது அல்லது கட்டுப்படுத்தியது. வளைய ரகம் பிடித்ததை எளிதில் விடாது, சிறுநீரில் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும்.

மேலே தக்கலை வாசகருக்குச் சொன்னதற்கு நேர் எதிர் பாருங்கள், ஆலையில் விட்டாக வேண்டும், உடம்பில் விடவே கூடாது. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் அடுத்த முறை ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது மட்டும் முக்கியம்.

கேள்வி: கடல்நீரில் லித்தியம் இருக்கிறதாமே. உப்பளத்தில் வளையத்தைப் போட்டு பேட்டரிக்கு லித்தியம் எடுத்தால் நம் ஊர் துபாய் ஆகிவிடாதா? – சாமிதோப்பு வாசகர்

ஆசைப்படலாம், தப்பில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் கிட்டத்தட்ட 11 கிராம், லித்தியம் 0.2 மில்லிகிராமுக்கும் கீழே. எடையில் பார்த்தால் ஒரு பங்கு லித்தியத்துக்கு அறுபதாயிரம் பங்கு சோடியம். அதோடு குளச்சல்காரருக்குச் சொன்ன தண்ணீர்ப் போர்வைத் தொல்லை லித்தியத்துக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். 12-கிரவுன்-4 குழி அளவுக்குச் சரியாக இருந்தும் தண்ணீரில் அது தடுமாறுவதற்குக் காரணம் அதுதான். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் எல்லாம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், ஆனால் மெக்னீசியமும் சேர்ந்து அடர்ந்திருக்கும், அது லித்தியத்துக்கு இன்னொரு போட்டியாள்.

லித்தியத்தில் வளையங்களுக்கு வேறொரு இடத்தில் மவுசு உண்டு, லித்தியம்-6, லித்தியம்-7 என்ற இரண்டு ஐசோடோப்புகளை (ஒரே தனிமம், எடை மட்டும் வேறு) பிரிப்பது. பழைய முறைக்குப் பாதரசம் டன் கணக்கில் வேண்டும், அதற்கு மாற்றாகக் கிரவுன் ஈதரை வைத்து நெடுநாளாக ஆராய்கிறார்கள். சாமிதோப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உப்பையே பார்ப்போம், அதற்கு விலை கிடைத்தாலே போதும்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. இந்தப் பொடியை ஆன்லைனில் விற்கிறார்கள், வாங்கிப் போடலாமா? – ராஜாக்கமங்கலம் வாசகி

போடவே போடாதீர்கள். கிரவுன் ஈதர்கள் நச்சுத்தன்மை உள்ளவை, உடம்புக்குள் போனால் நரம்பு வேலை செய்யத் தேவையான சோடியம் பொட்டாசியக் கணக்கிலேயே கை வைக்கக்கூடியவை. போட்டாலும் உப்பு போகாது, பிடித்த உப்போடு வளையமும் சேர்ந்து உங்கள் தண்ணீரில்தான் மிதக்கும். ஆர்.ஓ. வையுங்கள், இல்லையென்றால் குடிக்க மட்டும் பைப்புத் தண்ணீர்.

கேள்வி: கிரவுன் ஈதர் போட்டதும் பென்சீன் ஊதா நிறமாகும் சோதனையைப் பள்ளியில் செய்து காட்ட ஆசை. எப்படிச் செய்வது? – அறிவியல் ஆசிரியை, மார்த்தாண்டம்

அந்தச் சோதனை எனக்கும் பிடிக்கும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் பென்சீனில் சாதாரணமாகக் கரையாது, வளையம் பொட்டாசியத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் பெர்மாங்கனேட்டும் துணைக்குப் போய் பென்சீன் ஊதாவாகிவிடும். ஆனால் டீச்சர், பென்சீன் புற்றுநோய் தரும் பொருள், பிள்ளைகள் இருக்கும் அறையில் திறக்கவே கூடாது.

அதற்குப் பதில் சமையலறைச் சாமானிலேயே பிடிப்பதையும் விடுவதையும் காட்டலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மஞ்சள்தூள் கலக்கிய தண்ணீரை வடிகட்டி ஊற்றி, மேலே தேங்காய் எண்ணெய் விட்டு மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டுங்கள் (குளிர்காலம் என்றால் எண்ணெய் உறைந்திருக்கும், வெயிலில் வைத்து எடுங்கள்). மஞ்சளின் நிறம் எண்ணெய்க்கு ஏறிவிடும். அந்த எண்ணெயை மட்டும் இன்னொரு பாட்டிலுக்கு மாற்றி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரைச் சேர்த்து மறுபடி ஆட்டினால், நிறம் சிவப்பாக மாறித் தண்ணீருக்கு இறங்கி வரும், எண்ணெய் வெளுக்கும். இதில் வளையமும் இல்லை, உலோகமும் இல்லை, ஆனால் ஆலையில் ஏற்றுவதும் இறக்குவதும் இதே மாதிரிதான் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். வேகமாகக் குலுக்காதீர்கள், சோடாவும் எண்ணெயும் சேர்ந்து சோப்பு நுரை கட்டி, என் பழைய மோர்க் கதை உங்கள் வகுப்பிலும் நடந்துவிடும். அப்புறம், மஞ்சள் கறை போகாது, யூனிபார்ம் சட்டையோடு பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், அம்மாமார் என்னைத்தான் தேடி வருவார்கள்.